செத்தவீட்டுத் தலைப்பிலை ஒரு சோடாக் கொம்பனி

என்ன வேலை செய்யிறாய் எண்டு ஆராவது கேட்டால் அந்த நாளிலை எனக்குப் பத்திக்கொண்டு வரும். தலைப்பு எழுதுறன் எண்டால், பேப்பரிலையோ எண்டு கேப்பினம். இல்லை, இன்ரநெற்றிலை. எதுக்குத் தலைப்பு? செத்தவீட்டு அறிவித்தலுக்கு. அதோடை கதை முடிஞ்சிடும். கேட்டவை தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்பிப் போயிடுவினம். அம்மா மட்டும் விடமாட்டா. "கலியாணப் பக்கத்தையாவது பாக்கலாந்தானே பிள்ளை, அப்பிடியாவது உனக்கொரு வழி பிறக்கும்" எண்டுவா. கலியாணப் பக்கமும் நான்தான் பாத்தனான். அது எப்பவாவது ஒண்டு வரும். மற்றது நாள் தவறாமல் வரும்.

சமாதான காலம் எண்டு சொன்ன காலம் அது. பாதை திறந்து, வன்னிக்குள்ளை இருந்த சனம் பஸ்ஸிலை வவுனியாவுக்கு வந்து போகத் தொடங்கியிருந்தது. நான் வேலை செய்தது வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அச்சகத்திலை. முதலாளியை ஐயா எண்டுதான் கூப்பிடுறது. லைற் போஸ்ற்றிலை ஒட்டுற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிச்சே தலை நரைச்ச மனிசன். பாதை திறந்த கையோடை வெளிநாட்டிலை இருந்து வந்த அவரின்ர மருமகன் ஒருத்தர், "மாமா, உங்கட நோட்டீசைப் பாக்கவேண்டிய சனம் இப்ப முழுக்க வெளியிலைதான் கிடக்கு, இன்ரநெற்றிலை போடுங்கோ" எண்டு சொல்லி, ஒரு கம்பியூட்டரையும் ஒரு ஸ்கானரையும் வாங்கிக் குடுத்திட்டுப் போயிட்டார். கொழும்பிலை ஏதோ கொஞ்சம் படிச்சனான் எண்டு என்னைப் பிடிச்சு அதுக்கு முன்னாலை இருத்தினது. இருந்தனான். பின்னை என்ன செய்யிறது, வேறை வேலை வைச்சுக்கொண்டு ஆரும் எனக்காகக் காத்திருக்கேல்லை.

வேலை இதுதான். ஐயா பழையபடி அச்செழுத்தாலை நோட்டீசைக் கோத்து, கறுப்புக் கரை போட்டு அடிப்பார். அதை நான் ஸ்கானரிலை வைச்சுப் படமாக்கி, ஒரு பக்கத்திலை ஏத்துவன். ஏத்திப்போட்டு மேலை ஒரு சின்னப் பெட்டியிலை தலைப்பு எழுதவேணும். ஐயாவுக்கு அந்தப் பெட்டி ஒரு கரைச்சல், அவ்வளவுதான். எனக்கோ அதுதான் உயிர். ஏனெண்டால் தேடுபொறிக்குப் படம் வாசிக்கத் தெரியாது. ஐயா எவ்வளவு வடிவாக் கோத்தாலும் அதுக்கு அது ஒரு கறுப்புக் கட்டம். அது வாசிக்கிறது தலைப்பை மட்டுந்தான். வெளியிலை இருக்கிற ஒருத்தன் ஏதோ ஒரு சொல்லை அடிச்சுத் தேடேக்கை, அந்தச் சொல் தலைப்பிலை இருந்தால் பக்கம் அகப்படும். இல்லாட்டில் கடலிலை கரைச்ச பெருங்காயம்.

இதை நான் ஐயாவுக்கு விளங்கப்படுத்தி முடியிறதுக்குள்ளை எனக்குத் தலைமயிர் கொட்டிச்சுது. முதலிலை அவர் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்புத்தான் போடச் சொன்னவர். "வணக்கம், உங்களை அன்புடன் வரவேற்கின்றோம்." செத்தவீட்டு வாசலிலை நிண்டு பன்னீர் தெளிக்கிற மாதிரி! ஒரு நாள் தேடிக் காட்டினன். வரிசையா வரவேற்கின்றோம், வரவேற்கின்றோம், வரவேற்கின்றோம். ஆர் செத்ததெண்டு ஒண்டிலையும் இல்லை. மனிசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, "மரியாதையாத்தானே இருக்கு" எண்டார்.

பிறகு ஒரு மாதிரி இறங்கி வந்தார். ஆனால் இறங்கி வந்த இடம் அதைவிட மோசம். நோட்டீசிலை இருக்கிற முதல் வசனத்தை அப்பிடியே தலைப்பாப் போடவேணும் எண்டார். எங்கட சனத்தின்ர மரண அறிவித்தல் எப்பிடித் தொடங்குமெண்டு தெரியுந்தானே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, எண்டு. ஒரு ஊரிலை பிறந்து அடுத்த ஊரிலை இருந்து செத்த சனத்துக்கு அது சரி. எங்கட சனம் அப்பிடியோ? முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும், நெடுங்கேணியை வதிவிடமாகவும், பிறகு ஒட்டுசுட்டானை வதிவிடமாகவும், தற்போது வவுனியாவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட... தேடுபொறி தலைப்பிலை முன்பக்கம் கொஞ்சத்தை மட்டுந்தான் காட்டும். மிச்சத்தை வெட்டிப்போட்டு மூண்டு புள்ளி வைக்கும். சீவியம் முழுக்க இடம்பெயர்ந்த சனத்தின்ர பேர் வாறதுக்கு முதலே தலைப்பு முடிஞ்சிடும்.

"ஐயா, பேரை முன்னுக்குப் போடுவம்."

"ஊரில்லாத பிணம் உண்டோ பிள்ளை? ஊரைச் சொல்லாமல் ஆளைச் சொன்னால் ஆருக்கு விளங்கும்?"

"நாங்கள் எங்களைப் பற்றி என்ன சொல்லுறமெண்டது தேவையில்லை ஐயா. தேடுறவன் எதைச் சொல்லித் தேடுவான் எண்டதுதான் தேவை."

இதை நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன்! சுவருக்குச் சொன்னாலும் ஒரு கீறல் விழுந்திருக்கும். கடைசியிலை ஒரு சமாதானம் வந்தது. ஒரு ஊர், அதுக்குப் பிறகு பேர். அதுவும் பஸ் போர்ட்டிலை இருக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்திலை. வெளிநாட்டிலை தமிழ் எழுத்து அடிக்கத் தெரிஞ்சவை அப்ப குறைவு.

இன்னொண்டும் இருந்தது. எங்கட தளத்துக்குப் பின்னாலை ஒரு கணக்குப் பக்கம். எந்த நாட்டிலை இருந்து, என்ன சொல் அடிச்சு, எந்தப் பக்கத்துக்கு வந்தினம் எண்டு அதிலை விழும். ஆள் ஆரெண்டு தெரியாது. சொல்லும் நாடும் மட்டுந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை தூங்கி விழாமல் இருக்க நான் அதைப் பாத்துக்கொண்டிருப்பன். செத்தவையைத் தேடி வாறவை குறைவு. சனம் ஊரைத் தேடித்தான் வரும். முள்ளியவளைப் பள்ளிக்கூடம். ஒட்டுசுட்டான் கோயில் திருவிழா. ஒரு பாவம், நெடுங்கேணியிலை இண்டைக்கு மழையோ எண்டு அடிச்சிருந்தது. ஆர் பெத்த பிள்ளையோ, எந்த அறையிலை இருந்துகொண்டு அடிச்சுதோ. நான் வெளியிலை எட்டிப் பாத்தன். வவுனியாவிலை வெயில் கொளுத்திக்கொண்டு நிண்டுது. நெடுங்கேணியைப் பற்றி நான் என்னத்தைக் கண்டன்.

அந்த அக்கா வந்தது அப்பிடி ஒரு வெயில் நாளிலைதான். முள்ளியவளையிலை விடிய பஸ் ஏறி, ஓமந்தைச் சாவடியிலை இறங்கி, வரிசையிலை நிண்டு, பை பிரிச்சுக் காட்டி, திரும்ப ஏறி வந்தவா. தலையெல்லாம் செம்மண் புழுதி. கையிலை கச்சான் கடலை மூட்டை ஒண்டு, சந்தையிலை ஆருக்கோ குடுக்க. கழுத்திலை தாலிக்கொடி, நெத்தியிலை குங்குமம். மாமி செத்து எட்டுச் செலவுச் சடங்கும் முடிஞ்சுதாம்.

ஐயா நோட்டீஸ் எத்தினை அடிக்கிறதெண்டு கேட்டார். "நோட்டீஸ் வேண்டாம் ஐயா" எண்டா அவா. "ஊரிலை எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒரே ஒராளுக்குத்தான். இன்ரநெற்றிலை போட்டால் காணும்."

ஐயா பென்சிலை எடுத்து உறவுமுறையளைக் கேட்டுக்கொண்டு வந்தார். புருசன்? காலஞ்சென்றவர். பிள்ளையள்? ஒரே மகன். "என்ர அவர்தான்" எண்டா. ஐயா நிமிராமலே அடுத்ததைக் கேட்டார்.

"மகன் காலஞ்சென்றவரோ, வெளிநாடோ?"

அவரிலை பிழையில்லை. எங்கட அறிவித்தலிலை செத்த உறவுக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடவேணும். வெளியிலை இருக்கிற உறவுக்குப் பின்னாலை அடைப்புக்குறியிலை நாட்டைப் போடவேணும். ரெண்டிலை ஒண்டு. ஒவ்வொரு நாளும் கேக்கிற கேள்வி. ஐயா நிமிர்ந்து பாத்தார்.

"அதை அறியத்தான் ஐயா நான் வந்தனான்" எண்டா.

கதிரையிலை இருத்தித் தண்ணி குடுத்தன். மெல்ல மெல்லச் சொன்னா. கலியாணம் கட்டி நெடுங்கேணியிலை ஒரு வாடகை வீட்டிலை மூண்டு பேரும் இருந்தவையாம். மனிசன் ஏஜென்சிக்காரனைப் பிடிச்சு வெளிநாடு போக வெளிக்கிட்டவர். வழியிலை ஏதோ ஒரு நாட்டிலை இருந்து ஒருக்காக் கதைச்சதுதான். அதுக்குப் பிறகு இஞ்சை இடம்பெயர்வு, அங்கை என்ன நடந்ததோ தெரியாது. இவவும் மாமியும் நெடுங்கேணியை விட்டு ஓடி, ஒட்டுசுட்டானிலை இருந்து, கடைசியிலை மாமி பிறந்த முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்தவை. ஆளைக் காணேல்லை எண்டு பதியாத இடமில்லை, கேக்காத சாத்திரி இல்லை. ஒரு சாத்திரி இருக்கிறார் எண்டானாம், மற்றவன் இல்லை எண்டானாம். கொள்ளி வைச்சது மாமியின்ர தமையன்ர மகன்.

"அந்தாள் வரவேண்டாம் தங்கச்சி" எண்டா என்னைப் பாத்து. "காசு அனுப்பவும் வேண்டாம். இருக்குதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரிஞ்சால் காணும். ஒவ்வொரு நாளும் காலமை குங்குமத்தைத் தொடேக்கை, நான் ஆருக்கு வைக்கிறன் எண்டு கை நிண்டு நிண்டு போகுது."

ஐயா பென்சிலை வைச்சிட்டார். அடைப்புக்குறிக்குள்ளை வெளிநாடு எண்டு மட்டும் போடச் சொல்லிப்போட்டு மிசின் பக்கம் போயிட்டார்.

இனித் தலைப்பு. நான் அண்டைக்கு நல்லா அலுத்துப் போய் இருந்தனான், காலமை தொடங்கி நாலு செத்தவீடு. ஆனாலும் இதிலை ஊரையும் பேரையும் போட்டுப்போட்டு எழும்ப எனக்கு மனம் வரேல்லை. யோசிச்சுப் பாருங்கோ. அந்த மனிசனுக்குத் தாய் செத்தது தெரியாது. தெரியாதவர் மரண அறிவித்தல் எண்டு அடிச்சுத் தேடுவாரோ? தாயின்ர பதிவுப் பேரைத்தான் அடிப்பாரோ? அதை நான் அக்காவிட்டைக் கேட்டன். "அம்மா எண்டு கூப்பிட்ட மனிசிக்குப் பேரிருக்கெண்டதே அவருக்கு ஞாபகம் இருக்காது" எண்டா.

"சரி அக்கா. அவர் ஒரு வேலையும் இல்லாமல், குளிருக்கை, தனிய ஒரு கம்பியூட்டருக்கு முன்னாலை குந்திக்கொண்டு இருக்கிறார் எண்டு வையுங்கோ. என்னத்தை அடிப்பார்?"

"நெடுங்கேணி எண்டு அடிப்பார்."

"எல்லாருந்தான் அடிப்பினம். நெடுங்கேணி எண்டு போட்டால் உதவி நிறுவனமும் அரசாங்கக் கச்சேரியும்தான் முன்னுக்கு வரும். எங்கட பக்கம் எங்கையோ அடியிலை கிடக்கும். அவர் மட்டும் அடிக்கிற மாதிரி ஒண்டு சொல்லுங்கோ."

அவா கொஞ்ச நேரம் சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தா. பிறகு ஒரு சிரிப்பு வந்தது. வந்ததை உடனை வாயைப் பொத்தி அடக்கினா, ஐயா மிசினடியிலை நிக்கிறாரெண்டு.

"சொன்னால் பகிடி பண்ணுவியள்."

"பகிடி பண்ணி எனக்குக் கனகாலம் அக்கா. சொல்லுங்கோ."

அந்த வாடகை வீட்டு வளவிலை கறள் பிடிச்ச சோடா மிசின் ஒண்டு கிடந்ததாம். வீட்டுக்காரன்ர தகப்பன் எந்தக் காலத்திலையோ சோடா அடிச்சு விக்க வெளிக்கிட்டு நட்டப்பட்டுப் போட்டுவைச்சது. ஊரிலை ஆருக்கும் அது ஞாபகமில்லை. வீட்டை வாத்தியார் வீடு எண்டுதான் சனம் சொல்லுறதாம். ஆனால் இவவின்ர மனிசன் மட்டும் அந்த வீட்டைச் சோடாக் கொம்பனி எண்டுவாராம். பின்னேரம் வேலையாலை வந்து படலையிலை நிண்டு, "சோடாக் கொம்பனியிலை ஆர் நிக்கிறது?" எண்டு சத்தம் போடுவாராம். "முதலாளி வெளியிலை போயிட்டார், பிறகு வாங்கோ" எண்டு இவா உள்ளுக்கை இருந்து சொல்லவேணுமாம். மாமிக்கு விசர் வருமாம். "ரெண்டும் ரெண்டு குரங்குகள்" எண்டு ஏசுவாவாம். வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது. மூண்டு பேருக்கும் உள்ள பகிடி.

எனக்கு முதுகு நிமிர்ந்திட்டுது. இதுதான்! வேறை ஒரு சீவனும் அடிக்காத சொல்.

ஐயாவுக்குக் கேட்டிட்டுது. மிசினை நிப்பாட்டிப்போட்டு வந்தார். "செத்தவீட்டுத் தலைப்பிலை சோடாவோ! பிள்ளை, உனக்கென்ன விசரோ? இந்தத் தொழிலிலை நான் ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை. ஊர் சிரிக்கும்."

"ஊர் பாக்காது ஐயா. ஊருக்குத்தான் கறண்டே இல்லையே."

"செத்த மனிசியின்ர ஆத்துமா?"

அதுக்கு அக்கா மறுமொழி சொன்னா. "மாமி இருந்தால் ஏசுவா ஐயா. ஆனால் மகன்ர கண்ணிலை படுமெண்டால் சோடா என்ன, சாராயமெண்டாலும் போடச் சொல்லுவா."

ஐயா மிசினடிக்குத் திரும்பிப் போனார். ஆனால் எனக்குள்ளை வேறை ஒரு கரைச்சல். அந்த மனிசன் பழைய பகிடியை நினைச்சுத் தனியச் சிரிக்கத்தானே அந்தச் சொல்லை அடிப்பார். அடிச்சுப்போட்டுச் சோடாக் கொம்பனி எண்டு கண்டு ஆசையோடை திறந்தால், உள்ளுக்கை கறுப்புக் கரையும் தாயின்ர முகமும். ஒண்டைச் சொல்லிக் கூப்பிட்டு இன்னொண்டைக் காட்டுற தலைப்புக் களவுத் தலைப்பு. அதை எனக்கு ஒரு வாத்தியாரும் படிப்பிக்கேல்லை. அண்டைக்குத்தான் விளங்கினது. அதாலை அவர் அடிக்கிற சொல்லை முன்னுக்கு வைச்சன். நடந்த சங்கதியை வெட்டுப்படாத தூரத்திலை பின்னுக்கு வைச்சன். திறக்க முதலே தெரியவேணும், ஆறுதலா மனதைத் திடப்படுத்திக்கொண்டு திறக்கட்டும் எண்டு.

நெடுங்கேணி சோடாக் கொம்பனி அம்மா காலமானார், முள்ளியவளை.

முள்ளியவளை ஐயாவின்ர பிடிவாதம். பிறப்பிடம் இல்லாமல் விடமாட்டன் எண்டிட்டார். அக்கா இருக்கிற இடத்திலை ரெலிபோன் இல்லை எண்டபடியாத் தொடர்புக்கு எங்கட அச்சகத்தின்ர நம்பரைப் போட்டம்.

அதுக்குப் பிறகு என்ன, காத்திருக்கிறதுதான். தேடுபொறி புதுப் பக்கத்தை உடனை எடுக்காது. தனக்கு மனம் வந்தால் வந்து பாக்கும். அக்கா கச்சானோடை வவுனியாவுக்கு வாற நேரமெல்லாம் எட்டிப் பாப்பா. வாசலிலை நிண்டு என்ர முகத்தைப் பாப்பா. நான் இல்லையெண்டு தலையாட்டுவன். ஒரு கை கச்சானை மேசையிலை வைச்சிட்டுப் போயிடுவா. அந்தக் கச்சானை உடைச்சுத் தின்னவே எனக்கு அலுப்பா இருக்கும்.

முதல் வந்த ரெலிபோனைச் சொன்னால் சிரிப்பியள். திருகோணமலையிலை இருந்து ஒரு யாவாரி. "சோடாக் கொம்பனியோ? போத்தல் மொத்தமா எடுக்கலாமோ?" எண்டார். ஐயா ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே! நான் வாங்கி, இது செத்தவீடு எண்டு சொல்ல, அந்த மனிசன் மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு அனுதாபம் சொல்லி முடிக்கவே கனநேரம் போச்சுது. "சொன்னனான்" எண்டார் ஐயா. அண்டைக்கு முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சார்.

முப்பத்தோராம் நாளும் போச்சுது. அந்தியேட்டிக் கிரியையையும் அந்தத் தமையன்ர மகனே செய்து முடிச்சானாம். மாரி வந்து, கம்பியூட்டருக்கு மேலை ஒழுகத் தொடங்கி, நான் அதைப் பொலித்தீனாலை மூடி மூடி வேலை செய்தன். நானும் விட்டிட்டன். உண்மையைச் சொன்னால், அந்த மனிசன் செத்திருப்பார் எண்டுதான் எனக்குள்ளை முடிவு. எத்தினை பேர் அப்பிடிப் போன வழியிலை போயிட்டினம்.

அப்பிடி இருக்கேக்கை ஒரு நாள் மத்தியானம், வழமை போலை நித்திரைக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டு கணக்குப் பக்கத்தைத் திறந்தன். நோர்வே. அடிச்ச சொல், நெடுங்கேணி சோடாக் கொம்பனி.

கதிரை பின்னாலை விழ எழும்பினன். "ஐயா!"

ஐயா கையிலை மையோடை ஓடி வந்தார். வாசிச்சார். திரும்ப வாசிச்சார். ஒரு தரம் இல்லை, அண்டைக்கே பல தரம் அதே சொல். அடிக்கிறது, வாறது, போறது, திரும்ப அடிக்கிறது. நான் வாயிலை கையை வைச்சபடி நிண்டன். "இருக்கிறான்" எண்டார் ஐயா. "ஐயோ கடவுளே, பெடியன் இருக்கிறான்."

ரெலிபோனைத் தூக்கி மேசைக்கு நடுவிலை வைச்சம். ஐயா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை போறதை விட்டிட்டார். நான் பின்பக்கம் போறதெண்டாலும் அவரைக் காவலுக்கு இருத்திப்போட்டுத்தான். வேறை ஆராவது எடுத்தால் ரெண்டு சொல்லிலை கதையை முடிச்சு வைப்பம். அடுத்த நாளும் நோர்வே வந்தது. அதுக்கு அடுத்த நாளும் வந்தது. ரெலிபோன் மட்டும் வரேல்லை.

"நம்பர் சின்னனாக் கிடக்கோ?" எண்டார் ஐயா. பெரிசாக்கினன். "நாட்டுக் குறியீடு போட்டனியோ?" போட்டனான். பிறகு அவர்தான், தலைப்பிலை சோடா வேண்டாமெண்டு நிண்ட அதே மனிசன், எனக்கு வழி சொன்னார். "பிள்ளை, அவன் ஒவ்வொரு நாளும் அந்தத் தலைப்பைத்தானே பாக்கிறான். அதிலை எழுது. உன்ர மனிசி இருக்கிறா, ரெலிபோன் எடு எண்டு எழுது."

எழுதினன். நெடுங்கேணி சோடாக் கொம்பனி, மனிசி உயிரோடை, வவுனியாவுக்கு எடுங்கோ. படிச்ச படிப்புக்கு ஒரு தலைப்பு! தேடுபொறி அதை எடுத்துப் புதுசாக் காட்டுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். காட்டினது. நோர்வே வந்தது. அந்தச் சொல்லை அடிச்சு, அந்த வரியைக் கண்டு, அதிலை அமத்தித்தான் வந்தது. ஒரு தரம். அதோடை நிண்டிட்டுது. பிறகு வரவே இல்லை.

அங்கை வேறை குடும்பமோ, வெக்கமோ, பயமோ, என்ன கோதாரியோ. எங்களுக்கு என்ன தெரியும்?

அக்காவுக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு எங்களுக்குள்ளை பெரிய சண்டை. "சொல்லாதை, பாவம், நம்பிக்கொண்டு இருக்கட்டும்" எண்டார் ஐயா. எனக்குக் கோவம் வந்திட்டுது. "அவா நம்ப வரேல்லை ஐயா, அறிய வந்தவா. இருக்குதோ இல்லையோ எண்டுதானே கேட்டவா. மறுமொழியைக் கையிலை வைச்சுக்கொண்டு கச்சான் தின்னச் சொல்லுறியளோ?"

அடுத்த முறை அவா வாசலிலை நிண்டு என்ர முகத்தைப் பாக்க, நான் தலையாட்டேல்லை. கதிரையைக் காட்டினன். வந்து இருந்தா. திரையைத் திருப்பிக் காட்டி, இங்கிலீஷ் எழுத்தைக் கையாலை தொட்டுத் தொட்டு வாசிச்சன். நெடுங்கேணி. சோடா. கொம்பனி.

"இதை வேறை ஆரும் அடிச்சிருக்கேலாதோ?"

"உங்கள் மூண்டு பேரையும் விட ஆருக்குத் தெரியும் அக்கா?"

"ஒருத்தருக்கும் தெரியாது." திரைக்குக் கிட்டக் குனிஞ்சு, "ஒருக்காவோ வந்தவர்?"

"கனதரம்."

"நம்பர் இருந்ததோ?"

"பெரிசா இருந்தது. நீங்கள் இருக்கிறியள் எண்டும் எழுதினனான்."

"அதையும் கண்டவரோ?"

"ஓம் அக்கா. கண்டவர்."

அழப்போறா எண்டு நினைச்சு நான் தண்ணியை எடுத்தன். அழேல்லை. சீலையைச் சரிசெய்து நிமிர்ந்து இருந்தா. ஐயாவைப் பாத்து, "ஐயா, குறை நினைக்காதேங்கோ, ஒருக்கா வெளியிலை நில்லுங்கோ. நான் கொஞ்சம் வாய் திறக்கவேணும்" எண்டா. ஐயா சேட்டுப் பொத்தானைக்கூடச் சரியாப் பூட்டாமல் இறங்கிப் போனார்.

பிறகு தொடங்கினா. ஐயோ, அந்தமாதிரி ஏச்சு நான் என்ர சீவியத்திலை கேக்கேல்லை. "கோதாரியிலை போவான், நாசமறுப்பான், பெத்த தாயைக் காட்டிலை விட்டிட்டுப் போய்க் குளிருக்கை குந்திக்கொண்டு பகிடி தேடுறியோடா" எண்டு தொடங்கி, அவர் பிறந்த நாள், தாலி கட்டின நாள், ஏஜென்சிக்குக் குடுக்க வித்த தோடு, மாமி கடைசி நேரம் வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தது, செல்லடிக்குள்ளை மாமியைச் சைக்கிளிலை வைச்சு உருட்டினது, ஒண்டு விடேல்லை. திரையைப் பாத்துத்தான் ஏசினா. அந்த நோர்வே எண்ட எழுத்தைப் பாத்து. பஸ் நிலையத்திலை நிண்ட சனம் எட்டிப் பாத்தது. நான் கதவைச் சாத்தினன்.

தொண்டை அடைச்சு ஓய்ஞ்சாப் பிறகு தண்ணியை வாங்கி மூச்சு விடாமல் குடிச்சா. முகம் முழுக்க வேர்வை. சீலைத் தலைப்பாலை துடைச்சா.

"இவ்வளவு வருசத்திலை ஒரு சொல்லு ஏசினதில்லை தங்கச்சி" எண்டா. "செத்துக் கித்துப் போயிருந்தால் பாவமெண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்தனான். இண்டைக்குத்தான் எனக்குப் புருசன் இருக்கிற மாதிரிக் கிடக்கு."